குளிர் வேண்டாம் என்று சொன்னேன்

எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்தால் முதலில் காதைத்தான் மூடுவோம். சட்டையெல்லாம் பிறகு. தெமோதரைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டங்களில் விடியற்காலைப் பனி காதுக்குள் இறங்கினால் பிள்ளை செவிடாகிவிடும் என்று தொழிலாளர் வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம் சொல்வார்கள். விடிய வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் பேர் கொடுக்க ஓடுகிற அம்மாக்கள், தங்கள் தலையில் கம்பளி இருக்கிறதோ இல்லையோ, பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விடுகிற குழந்தையின் தலையைச் சுற்றி ஒரு துவாயை இறுக்கிக் கட்டிவிடுவார்கள். நான் அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நோய் கிருமிகளால் வருகிறது என்று சுற்றாடல் பாடத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறவள். எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து என் மகளின் காதில் பஞ்சு அடைக்கிறவளும் நான்தான். சிரிக்காதீர்கள், சிரிப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை.

மகளுக்கு ஒன்றரை வயது. இரண்டாயிரத்து ஒன்றில் ஒரு மார்கழி. பரீட்சை வேலைக்குப் பிந்திவிட்டது என்று அவளை அப்படியே வாரித் தூக்கிக்கொண்டு ஓடினேன். குல்லா கட்டிலிலேயே கிடந்தது. பிள்ளைக்காம்பரா மேட்டுக்கு ஏறி முடிப்பதற்குள் பனி எங்கள் இரண்டு பேரையும் நனைத்துவிட்டது. மூன்றாம் நாள் காய்ச்சல், நான்காம் நாள் வலிப்பு. பதுளை ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் கிடந்து உயிரோடு மீட்டுக்கொண்டு வந்தோம். வந்த அன்றைக்கே குசினியில் சட்டி மூடி கைதவறி சிமெந்துத் தரையில் விழுந்து கிணுகிணுவென்று சுழன்றது. பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு காதில் விழும். "படிச்ச டீச்சரம்மாதான். ஆனா புள்ள காதக் கட்டத் தெரியலயே." எனக்கு வாய் நீளம், யாரையும் சும்மா விடுகிறவள் இல்லை. அந்த ஒரு பேச்சுக்கு மட்டும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

பதுளையில் மாதம் ஒருமுறை காது கிளினிக் நடத்த வந்த டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்பில் ஒப்பரேஷன் செய்கிறவர். மெலிந்த, பொறுமையான மனிதர். அப்போது நான்கு வயதாகியிருந்த மகளுக்கு ஹெட்ஃபோன் மாட்டிப் பார்த்துவிட்டு ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். இடது பக்கம் உயரத்தில் தொடங்கிய கோடு, சட்டென்று பள்ளத்தில் விழுந்திருந்தது.

"பிள்ளைக்குத் தடிச்ச சத்தம் கேக்குது. மெல்லிய, கீச்செண்ட சத்தம் ஒண்டும் கேக்கேல்லை. அதாலைதான் பேச்சு வரேல்லை" என்றார்.

"பனிதானுங்களே டொக்டர்? காதக் கட்டாம..."

"பனியும் இல்லை, குளிரும் இல்லை. மூளைக் காய்ச்சல். உங்களிலை ஒரு பிழையும் இல்லை, விளங்குதோ?"

விளங்கியது. தலை ஆட்டினேன். பஸ்ஸில் வரும்போது ஜன்னலை இழுத்து மூடி மகளின் காதை என் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டேன்.

அந்தத் தடித்த சத்தங்கள் என்னென்ன என்று வீட்டில் போகப் போகத் தெரிந்தது. மேட்டில் ஏறி வருகிற ரயில் அவளுக்குக் கேட்கும். இடி கேட்கும், திருவிழாத் தப்பு மேளம் கேட்கும். எல்லாவற்றுக்கும் மேலாக அவளுடைய அப்பாவின் குரல் கேட்கும். என் வீட்டுக்காரர் தேயிலை ஃபெக்டரியில் ரோலர் மெஷினோடு நிற்கிறவர். அந்த இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி அவருக்குப் பீப்பாய்க்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல். வேலை முடிந்து பாதையில் ஏறும்போதே "பாப்பா!" என்பார். உள்ளே தரையில் உட்கார்ந்திருக்கிறவள் துள்ளி எழுந்து வாசலுக்கு ஓடுவாள். அதே பிள்ளையை நான் இரண்டு அடி தூரத்தில் நின்று தொண்டை வறளக் கூப்பிட்டிருக்கிறேன். திரும்பியதே இல்லை. பெற்றவள் நான், பால் கொடுத்தவள் நான், என் சத்தம் மட்டும் அவளுக்கு இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. சொந்தப் புருஷன் மேல் பொறாமை, வெட்கமில்லாமல்தான் சொல்கிறேன்.

மழைக்காலத்தில் அந்தக் கேள்வி, தடித்த சத்தம் கேட்கிற அந்தச் சக்தி, எங்களுக்குப் பெரிய ஆறுதல். எங்கள் குவார்ட்டர்ஸ் லயத்தின் கடைசியில், மலைச்சரிவை ஒட்டி இருந்தது. ஐப்பசி பிறந்துவிட்டால் அங்கே எல்லோரும் ஒரு காதை மலையில் வைத்துக்கொண்டுதான் சோறு தின்போம். மலை உறுமினால் மண் சரியப்போகிறது என்று அர்த்தம், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும், அவ்வளவுதான் சட்டம். "உறுமினா நம்ம பாப்பாவுக்கும் கேக்கும்" என்று அவர் சொல்வார். நானும் அதைச் சொல்லித்தான் தூங்குவேன்.

அவளுக்கு ஆறு வயது முடிந்தபோது டொக்டர் காதுக்குள் மெஷின் வைக்கலாம் என்றார். கருவியை ஒரு தர்ம ஸ்தாபனம் தர இருந்தது. காதுக்குள்ளே ஆழத்தில் நத்தை ஓடு போல் சுருண்ட ஒரு எலும்பு இருக்கிறதாம். அதற்குள் மயிர் மாதிரி ஒரு வயரை விடுவார்கள். வெளியே காதுக்குப் பின்னால் ஒரு மெஷின். அதன் வழியாக மெல்லிய சத்தமெல்லாம் கேட்கும், பேச்சு வரும்.

"என் குரல் கேக்குங்களா டொக்டர்?"

"கட்டாயம் கேக்கும் டீச்சர்."

அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. என் வீட்டுக்காரர் சிரித்தார். "முடிஞ்சுச்சு. இனி எனக்கு மட்டுமா, புள்ளைக்கும் அர்ச்சனைதான்" என்றார்.

கொழும்புக்கு மூன்று பேருமாகப் போனோம். அது யுத்த காலம். வழியில் இரண்டு இடத்தில் ஆர்மிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் பதுளை என்று இருந்ததைப் பார்த்தும், ஏன் வந்தாய், எங்கே தங்குவாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் எங்களை வார்டில் விட்டுவிட்டு அன்றைக்கே திரும்பிவிட்டார். தேயிலைக் கொழுந்து மலிந்த நேரம், ஃபெக்டரியில் லீவு இல்லை. அம்மாமார் மட்டும் பிள்ளையோடு நிற்கலாம் என்பது வார்டுச் சட்டமும்கூட.

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் பின்னேரம் டொக்டர் கட்டிலடிக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டொக்டர்மார் உட்கார்ந்தால் எனக்குப் பயம் வரும்.

"டீச்சர், ஒரு விஷயம். வயரை உள்ளுக்கை விடேக்கை, பிள்ளைக்கு இப்ப இருக்கிற கேள்வி போகக்கூடும். அந்தத் தடிச்ச சத்தம். அந்த இடம் அவ்வளவு மென்மையானது, காயப்பட்டு வீங்கிப்போடும். அதைக் காப்பாத்த ஒரு வழியைச் செய்து பாக்கலாமெண்டு நினைக்கிறன்."

"என்னா வழிங்க?"

"குளிராக்கிறது. உடம்பு முழுக்க இல்லை, காதுக்குள்ளை அந்த ஒரு இடத்தை மட்டும். வயர் விட முதலும் விடேக்கையும் குளிர்ந்த உப்புத் தண்ணியாலை அதைக் குளிரிலை வச்சிருக்கிறது. கால் சுளுக்கினால் ஐஸ் வைக்கிறமெல்லே, அதே கதைதான். இது புது முறை, இன்னும் ஆராய்ச்சியிலைதான் இருக்கு. நிச்சயமெண்டு நான் சொல்ல மாட்டன். ஆனா கெடுதல் வராதெண்டு நம்புறன். உங்கட சம்மதம் வேணும். அவரோடையும் கதைச்சுப்போட்டு ஆறு மணிக்குள்ளை சொல்லுங்கோ."

ஐயோ கடவுளே! காதுக்குள் குளிர். மனிதர் பச்சைத் தண்ணீரைப் பற்றிப் பேசுகிற மாதிரிச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார். நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மார்கழி விடியல்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. கட்டிலில் கிடந்த குல்லா, ஈரத் தலை, பீலியடிப் பேச்சு. ஒருமுறை குளிரைக் காதுக்குள் விட்டுக் கெடுத்தவள் நான். இன்னொருமுறை கையெழுத்துப் போட்டு விடச் சொல்கிறார்களே! மிச்சம் இருக்கிற துளிக் கேள்வியும் போனால், பிறகு எந்த முகத்தோடு தோட்டத்துக்குப் போவேன்?

வராந்தாவில் டெலிபோன் இருந்தது. தோட்டத்து ஆபீஸுக்கு எடுத்தால் ஆள் விட்டு அவரைக் கூப்பிட்டுத் தருவார்கள். நான் எடுக்கவில்லை. எடுத்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். "டொக்டர் சொல்றபடி செய்யி" என்றிருப்பார். அவருக்கு மெஷின் தெரியும், மெஷின் தெரிந்தவன் பேச்சில் அவருக்கு நம்பிக்கை. அதற்குப் பயந்துதான் எடுக்கவில்லை.

ஆறு மணிக்கு டொக்டர் வந்தார். "என்ன, கதைச்சீங்களோ?"

"கதைச்சேங்க. அவுங்க வேணாம்னுட்டாங்க. குளிர் வேணாமாம்."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! டொக்டர் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். தாளில் ஏதோ ஒரு வரியைப் பேனாவால் வெட்டினார். "சரி. தகப்பனுக்கு விருப்பமில்லையெண்டால் நான் வற்புறுத்தேல்லை" என்றார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பல வருஷம் இதை நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. குளிருக்குப் பயந்தது உண்மை. ஆனால் தடித்த சத்தம் போகலாம் என்று டொக்டர் சொன்ன அந்த நொடியில், மனதின் ஒரு மூலையில், போனால் போகட்டும், என் குரல் வருகிறதே என்று ஒன்று முனகியது. நான் அதை அதட்டி அடக்கினேன். அடக்கினேனா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. காயம் ஆறி ஒரு மாதம் கழித்து மெஷினை மாட்டிப் போட்டுவிட்ட நாளில், நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். "பாப்பா" என்றேன். கத்தவில்லை, சும்மா சொன்னேன். அவள் தோள் தூக்கிவாரிப் போட்டது. திரும்பி, மிரண்ட கண்ணோடு என் வாயைப் பார்த்தாள். இன்னொருமுறை சொன்னேன். என் வாயில் கை வைத்துத் தொட்டுப் பார்த்தாள். நான் அந்த அறையிலேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். நர்ஸ் மிஸ்ஸி தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

தோட்டத்துக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு அவளுக்குத் தலை வார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பாதையில் வந்தார். வழக்கம் போல "பாப்பா!" என்றார். அவள் சோப்பு நுரையை ஊதிக்கொண்டிருந்தாள். "பாப்பா!" கொஞ்சம் கிட்ட வந்து, "பாப்பா!" அவள் திரும்பவே இல்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் மெஷின் இல்லாமல் மறுபடி சோதித்தார். கோடு முழுக்கப் பள்ளத்திலேயே கிடந்தது. அன்றைக்கு நான் மருந்து வாங்க வரிசையில் நின்றேன். என் வீட்டுக்காரர்தான் மகளோடு உள்ளே இருந்தார். திரும்பி வந்து "டொக்டர் என்னாங்க சொன்னாரு?" என்றேன். "மிச்சம் இருந்தது போயிருச்சாம். மெஷின் நல்லா வேல செய்யிதாம்" என்றார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பாவம் மனுஷன், மனம் உடைந்துபோனார் என்று நினைத்தேன். என் பொய் பத்திரமாக இருக்கிறது என்றும் நினைத்தேன்.

அப்புறம் வருஷங்கள் ஓடின. மகள் பேசினாள், பள்ளிக்கூடத்தில் என்னிடமே படித்தாள், என் வாயையும் படித்துக்கொண்டாள். "வாயாடி டீச்சருக்கு வாயாடி மக" என்று ஃபெக்டரியில் கேலி பண்ணுவார்கள். ஆனால் குளிக்கும்போதும் மழையிலும் மெஷினைக் கழற்ற வேண்டும். தண்ணீர் பட்டால் கெட்டுவிடும். மழையில்தான் எங்கள் மலை பேசும். ஐப்பசி வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அவளைக் கண் பார்வையை விட்டு அகல விடமாட்டேன். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவேன். அவர் பொறுத்துக்கொண்டு போவார். அந்தப் பொறுமைதான் எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

அவளுக்குப் பதினொரு வயதான ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் அடித்தது. நான்காம் நாள் மத்தியானம் தோட்டத்து மேற்பார்வை ஐயா வந்து, மேல் லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்திருக்கிறது, எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு இறங்குங்கள் என்றார். நான் வருகிற சனத்துக்குப் பாய் போட முன்னாலேயே ஓடினேன். "புத்தகத்த எடுத்துக்கிட்டு பக்கத்து வீட்டு அக்காவோட வந்திரு" என்று மகளிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவள் நனைந்துவிடும் என்று மெஷினைக் கழற்றிப் பெட்டியில் போட்டுப் புத்தகப் பைக்குள் வைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறார். பதில் வராததால் பிள்ளை முன்னாலேயே போய்விட்டது என்று நினைத்து இறங்கிவிட்டார்.

பள்ளிக்கூடத்து வாசலில் அந்த அக்காவை மட்டும் கண்டதும் கையிலிருந்த பாயைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். அதே நேரம் மலை உறுமியது. அடிவயிற்றில் வந்து மோதுகிற சத்தம், நின்ற தரை நடுங்கியது. சனம் ஐயோ அம்மா என்று அலறியது. ஃபெக்டரியிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் பாதையில் நின்று "பாப்பா! பாப்பா!" என்று கத்தியது கீழே எங்களுக்கே கேட்டது. ஊர் முழுக்கக் கேட்ட அந்தக் குரல் அவளுக்கு மட்டும் கேட்கவில்லை. வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாளாம். அவர் உள்ளே பாய்ந்து, பையோடு சேர்த்து ஒரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். பாதை வளைவைத் தாண்டுவதற்குள் மண் குசினிச் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டது. இழுத்த இழுப்பில் பிள்ளையின் தோள் பிசகியிருந்தது.

வகுப்பறையில் பாயில் உட்கார வைத்துத் தலையைத் துவட்டினேன். கையைத் துணியால் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். நல்ல கையால் அவளே மெஷினை எடுத்து மாட்டினாள். கொஞ்ச நேரம் சுற்றிச் சனம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"அம்மா, மலை உறுமுனது எல்லாருக்கும் கேட்டுச்சாமே. எனக்கு முந்தி அந்த மாதிரிச் சத்தம் கேக்கும்தானே? அப்பா கூப்புட்டா ஓடி வருவேன்னு சொல்வீங்களே."

"ஆமா பாப்பா."

"அது எப்பிடிப் போச்சு?"

"ஒப்பரேஷன்ல போயிருச்சு."

"போகாமப் பாத்துக்க முடியாதா? டொக்டர் ஒண்ணும் செய்யலயா?"

நான் துவாயை உதறினேன், மடித்தேன், மறுபடி உதறினேன். என் வீட்டுக்காரர் எழுந்து வந்து என் கையைத் தொட்டு, வெளி வராந்தாவுக்கு வா என்று கண்ணைக் காட்டினார். வராந்தாக் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. முழங்கால் வரை சேறாக நின்றார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்னா தெரியும்?"

"நீ மருந்துக்கு வரிசையில நின்ன அன்னிக்கு டொக்டர் என்கிட்டக் கேட்டாரு. 'குளிராக்கிச் செய்வமெண்டு சொன்னனே, நீங்கள் ஏன் வேண்டாமெண்டனீங்கள்'னு கேட்டாரு. எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் புரிஞ்சிருச்சு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"பயந்துட்டேங்க டொக்டர்னு சொன்னேன்."

ஐந்து வருஷம். இந்த மனுஷன் ஐந்து வருஷம் என் பொய்யைத் தன் தலையில் வைத்துக்கொண்டு, என் எரிச்சலையும் வாங்கிக்கொண்டு, என் கையால் சோறு வாங்கித் தின்றிருக்கிறார். "செஞ்சிருந்தா மிஞ்சியிருக்குமாங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"அதையும் கேட்டேன். சில புள்ளைக்கு மிஞ்சலாம், சிலதுக்கு இல்ல, உங்க புள்ளைக்கு என்னா ஆகியிருக்கும்னு இனி யாருக்கும் தெரியாதுன்னாரு."

"என்னை ஏன் ஒரு வார்த்த கேக்கல? ஏசியிருக்கலாமே! அடிச்சிருக்கலாமே!"

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன்." முகத்தில் வழிந்த தண்ணீரை முழங்கையால் துடைத்தார். "டொக்டர்கிட்ட நான் ஒத்துக்கிட்டேன். பாப்பாகிட்ட என்னால அப்பிடி ஒத்துக்க முடியாது. இன்னிக்கு அவ சாகப் பாத்தா. நீ போயிச் சொல்லு."

அவர் உள்ளே வரவில்லை. நான் சேலையைப் பிழிந்துவிட்டு வகுப்பறைக்குள் போனேன். சனம் ஒரு பக்கமாக அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தது. மகள் பாயில் அதே இடத்தில் இருந்தாள். நான் முன்னால் போய் உட்கார்ந்தேன். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அவள் மெஷினில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, கையைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சத்தத்தைக் கூட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லுங்கம்மா. நல்லாக் கேக்குது."